பிளேட் சேர்த்தால் பிக்கப் கேம்பரைத் தூக்குமா? பட்டறைக்கு முன்னாடி எடை மேடைக்குப் போங்க

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு கதவு டீசல் பிக்கப் வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம், லோடு பாடியில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு கேம்பர் பெட்டி (படுக்கை, அடுப்போடு உள்ளேயே தங்கிப் பயணம் போகிற பெட்டி) செய்யக் கொடுத்திருக்கிறாராம், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதலில் ஏலகிரி, ஜவ்வாது மலை, அப்புறம் ஒருநாள் லடாக் வரைக்கும் போகணுமாம். பின்னாடி ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் (அடுக்கடுக்காக இருக்கிற இரும்புப் பட்டை) சேர்த்தால் போதுமா, இல்லை ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக மாட்டுகிற காற்றுப் பை) போடணுமா என்று கேள்வி. கேள்வி ஸ்பிரிங்கைப் பற்றி இருந்தாலும், அவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு: "என் வண்டி இந்தப் பெட்டியைத் தாங்குமா?" அதற்குப் பதில் ஸ்பிரிங் பட்டறையில் கிடைக்காது, எடை மேடையில்தான் கிடைக்கும். நானே ஸ்பிரிங் பட்டறைக்காரன், என் வியாபாரத்துக்கு விரோதமாகத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலூர் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக ஸ்பிரிங், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பிரேக் வேலை பார்க்கிறேன். லாரி, மினி லாரி, பிக்கப், பால் வண்டி, தோல் ஏற்றுகிற வண்டி எல்லாம் வரும். கழற்றி மாட்டுகிற கேம்பர் என்று இதுவரை மூன்றுதான் கையில் பட்டிருக்கிறது. அதனால் பெட்டிக்குள் மரவேலை, குழாய் வேலை, கூரைக்கு என்ன பலகை என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். பெட்டிக்குக் கீழே இருப்பதை மட்டும் சொல்கிறேன். இன்னொன்று, நம்ம பக்கத்துப் பட்டறையில் போய் "கேம்பருக்கு வேலை செய்யணும்" என்று மட்டும் சொன்னால் மகிந்திரா பொலேரோ கேம்பர் என்கிற பிக்கப் வண்டி என்று நினைத்து அதற்கான பிளேட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். பெட்டி என்றே சொல்லுங்கள்.

முதலில் கணக்கு. ஆர்.சி.யில் வண்டியின் காலி எடையும், கையேட்டிலாவது ஆர்.சி.யிலாவது மொத்த எடை வரம்பும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கப் பெட்டிக்கு என்று நினைக்கிறீர்கள் இல்லையா, அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு வண்டியை வைத்துப் பார்ப்போம். மொத்த வரம்பு 2,900 கிலோ, டீசல் நிரப்பிய காலி வண்டி 2,100, மீதி 800. நீங்கள், வீட்டம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 190. சைடு ஸ்டெப், லோடு பாடிக்குள் போட்ட பிளாஸ்டிக் லைனர், கூடுதலாக மாட்டிய மற்ற சமாச்சாரம் 40. ஆக மீதி 570. செய்பவர் "வெறும் 380 கிலோதான் சார்" என்பார், அது காலிப் பெட்டி. அறுபது லிட்டர் தண்ணீர் 60 கிலோ. இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரி ஒன்று 55. சின்ன சிலிண்டரும் அடுப்பும் 15. மெத்தை, துணி, பாத்திரம், அரிசி பருப்பு 60. பக்கவாட்டில் விரிக்கிற பந்தல் 20, ஜாக்கி, டூல்ஸ் 25. கூட்டினால் 615. ஒரு ஆசையும் மிச்சம் வைக்காமல் சேர்த்ததில் 45 கிலோ தாண்டிவிட்டது. இது என் உதாரணம், உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கும். ஆனால் வெளிநாட்டில் நடுத்தர பிக்கப்புக்கென்றே செய்கிற பெட்டிகளும் காலியாகவே 400 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், ஆகவே உங்கள் கணக்கும் இந்தப் பக்கமாகத்தான் வந்து நிற்கும்.

இப்போது பிளேட் விஷயம். பிளேட் சேர்த்தால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். அச்சு, அச்சுக் குழாய், பேரிங், வீல் போல்ட், ரிம், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்திச் சான்று வாங்கும் முறை இருக்கிறது. இங்கே நீங்கள் எத்தனை பிளேட் போட்டாலும் ஆர்.சி.யில் இருக்கிற எண் ஒரு கிலோகூட ஏறாது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து "தாங்குகிறது" என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து.

நானே அப்படி நம்பினவன். சில வருஷம் முன்னால் ஆம்பூர்ப் பக்கம் கல்யாணச் சமையல் எடுக்கும் ஒரு பாய் வந்தார். பிக்கப்பில் ஏற்றி இறக்கும் சமையல் பெட்டி ஒன்று செய்திருந்தார், உள்ளே அடுப்பு, தண்ணீர் டிரம், சாமான் அடுக்கு. கேம்பருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, படுக்கைக்குப் பதில் தேக்சா, அதாவது பெரிய சமையல் அண்டா. வண்டி பின்னால் உட்காருகிறது என்றார். பக்கத்துக்கு இரண்டு பிளேட் சேர்த்து, சென்டர் போல்ட் மாற்றி, ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கிற யு போல்ட்டை முறுக்கி அனுப்பிவிட்டேன். வண்டி அழகாக நிமிர்ந்தது. அவர் ஏலகிரியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இறங்கும்போது பாதி வளைவு தாண்டுவதற்குள் முன் பிரேக்கில் புகை. மறுநாள் வண்டியை வாங்கிக் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு என்னுடையது.

பல பிக்கப்பில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கும். மேல்முனையில் கை அளவுக்கு ஒரு வால்வு, பிரேக் லைன் அதற்குள் போய் வரும். லோடு ஏறினால் சேசிஸ் இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியாக இருந்தால் சேசிஸ் உயரத்தில் நிற்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்காமல் இருக்க வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். பிளேட் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டேன் அல்லவா, பெட்டி முழு லோடோடு இருந்தாலும் வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்தது, மொத்தப் பாரமும் முன் டிஸ்க்கில் விழுந்தது. உங்கள் வண்டியில் இந்த வால்வு இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். புது வண்டிகள் சிலவற்றில் இது கிடையாது, ஏ.பி.எஸ்.ஸோடு சேர்ந்து எலக்ட்ரானிக்காகவே நடக்கும். இருந்தால், ஸ்பிரிங் உயரம் மாறினதும் கம்பியின் நீளத்தையும் கம்பெனி மேனுவலில் சொன்ன அளவுக்கு மாற்றி வைக்கணும். பிளேட் போடும் ஆள் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பாய் வண்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது, அது எடை எங்கே உட்காருகிறது என்பது. அடுப்பும் தேக்சாவும் இறக்க வசதியாக வால் பக்கம் வைத்திருந்தார். ராத்திரியில் ஹெட்லைட் ரோட்டில் விழாமல் புளியமரக் கிளையில் விழுகிறது, ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது என்றார். காரணம் எளிது. பின் அச்சு, பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் நடுவிலிருக்கிற கட்டை மாதிரி. கட்டைக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கும். உங்கள் வண்டி மாதிரி முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுமார் 3,100 மில்லிமீட்டர் இருக்கிற வண்டியில் 600 கிலோ பெட்டியின் எடை மையம் பின் அச்சுக்கு 150 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால், முன் அச்சில் 29 கிலோ கூடும், பின் அச்சில் 571 ஏறும். அதே பெட்டியின் மையம் 250 மில்லிமீட்டர் பின்னால் போனால் முன் அச்சில் 48 கிலோ குறையும், பின் அச்சில் 648 ஏறும். பெட்டியின் எடை அதேதான், நடு மட்டும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்திருக்கிறது. நாலு கதவு பிக்கப்பில் இது இன்னும் தொல்லை, ஏனென்றால் லோடு பாடி ஐந்தடிக்குள்தான் இருக்கும், அதன் நடுப்பகுதி பெரும்பாலும் பின் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால்தான் விழும். அதனால் பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர் எல்லாம் கேபின் சுவரை ஒட்டிக் கீழே வரட்டும், மெத்தை, துணி, லேசான சாமான் பின்னால் போகட்டும். கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டு வரும் படுக்கை எடையை முன்னால் கொண்டு வரும் என்பது ஒரு லாபம். உயரம் கூடுவது நஷ்டம்.

பெட்டி செய்கிறவரிடம் எடை மையம் எங்கே என்று கேட்டால் சிரிப்பார். கவலை வேண்டாம், நீங்களே அளக்கலாம். பெட்டிக்கு நாலு கால் ஜாக்கி வரும் அல்லவா, ஆற்காடு, ஆரணிப் பக்கம் அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற தட்டு எடை மெஷின் இரண்டு வாங்கி முன் கால்கள் இரண்டுக்கும் கீழே வையுங்கள், பின் கால்களுக்குக் கீழே அதே உயரத்துக்குக் கட்டை. பெட்டி மட்டமாக நிற்கணும், அது முக்கியம். இரண்டு மெஷினையும் கூட்டினால் முன்னே ஒரு எண் வரும். பிறகு மெஷினைப் பின்னுக்கு மாற்றுங்கள், இன்னொரு எண் வரும். முன் எண்ணைக் கால்களுக்கு நடுவிலுள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு எண்ணையும் கூட்டி வந்ததால் வகுத்தால் பின் காலிலிருந்து எடை மையம் எவ்வளவு முன்னால் என்பது கிடைக்கும். முன் 230, பின் 150, கால் தூரம் 200 சென்டிமீட்டர் என்றால் 121 சென்டிமீட்டர். சாக்பீஸால் பெட்டியின் பக்கத்தில் கோடு போட்டு வையுங்கள், ஏற்றும்போது அந்தக் கோடு பின் சக்கரத்தின் நடுவுக்கு நேராகவோ அதற்குச் சற்று முன்னாலோ வரணும். இதைத் தண்ணீர், பேட்டரி, சாமான் எல்லாம் வைத்து அளக்கணும், காலியாக அளந்து என்ன பிரயோஜனம்.

சரி, இத்தனைக்கும் பிறகு பிளேட்டா, ஏர் பேக்கா? மொத்த எடை வரம்புக்குள், அச்சு வரம்புக்குள் (அந்த அச்சு தாங்கலாம் என்று கையேட்டில் சொன்ன எடை) வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெட்டியை வருஷத்தில் நாலு தடவைதான் ஏற்றுவீர்கள் என்றால் ஏர் பேக் நல்லது, காலியாக ஓடும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். முழுக்க இறக்கிவிடக் கூடாது, பை மடிந்து கிழியும், தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் காற்று எப்போதும் இருக்கணும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி டியூப் போடுங்கள். ஒரே டியூபில் இணைத்தால் வளைவில் வண்டி சாயும்போது காற்று இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு ஓடி இன்னும் சாய்க்கும். பெட்டி எப்போதும் வண்டியிலேயே இருக்கும் என்றால் உங்கள் எடைக்கென்று செய்த முழு ஸ்பிரிங் செட் போடுவதே சரி, அதோடு ஷாக் அப்சார்பரும் மாறணும். கட்டியான ஸ்பிரிங்கில் பழைய ஷாக் இருந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடும். தனியாக ஒன்றிரண்டு பிளேட் செருகுவதை நான் இப்போது இரண்டாம்பட்சமாகத்தான் செய்கிறேன். ஷாக்கிளை (ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கிற துண்டு) நீளமாக்கி வண்டியைத் தூக்குகிற வேலை வேண்டவே வேண்டாம், தலை கனத்த வண்டியை இன்னும் தூக்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

ஏர் பேக்கில் ஒரு எச்சரிக்கை. பிளேட் ஸ்பிரிங் எடையை முன்முனை, பின்முனை என்று சேசிஸில் இரண்டு இடத்தில் பகிர்ந்து கொடுக்கும். பை எடையை நடுவில் ஒரே இடத்தில் முட்டும். வால் பக்கம் நீண்ட கனமான பெட்டி, மேடு பள்ளத்தில் குதிப்பு, நடுவில் முட்டுகிற பை, இந்த மூன்றும் சேர்ந்தால் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் வளையும். ஆஸ்திரேலியாவில் நாலு கதவு பிக்கப்புகளில் இப்படி வளைந்த சேசிஸ் படங்கள் ஏராளம். லடாக் ரோட்டைப் பார்த்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள்.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்று. உங்கள் வண்டி புதுசு என்பதால் தப்பித்தீர்கள், ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கிப் பெட்டி வைக்கப் போகிறார்கள் என்றால், அது உப்புத் தோல் ஏற்றின வண்டியா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி லோடு பாடியின் அடியும் சேசிஸின் மேல்பக்கமும் அரித்திருக்கும். மேலே புது பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியால் ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கைச் சேசிஸில் பிடிக்கிற தாங்கி) பக்கத்தில் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், அரித்தது டப் என்று சொல்லும்.

டயரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து இரண்டு அல்லது மூன்று இலக்க எண் இருக்கும், அது லோடு இன்டெக்ஸ். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250. பின் அச்சில் இரண்டு டயர், ஆகவே இரண்டால் பெருக்கி எடை மேடை எண்ணோடு ஒப்பிடுங்கள், கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். அலாய் ரிம்மை மாற்றியிருந்தால் அதற்கும் எடை வரம்பு உண்டு, உள்பக்கம் பார்க்கணும். காற்றை விடியற்காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, முழு லோடுக்குச் சொன்ன அளவுக்குப் பிடியுங்கள். வேலூர் மே மாத வெயிலில் மத்தியானம் பார்த்தால் எண் ஏறியிருக்கும், பத்து டிகிரி சூட்டுக்கு ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு. ஏறிவிட்டதே என்று பிடுங்கிவிடாதீர்கள், காற்று குறைந்த டயர்தான் சூடேறி வெடிக்கும்.

பெட்டியைக் கட்டுவது பற்றி. லோடு பாடியின் ஓரத்தில் கயிறு கட்டக் கொடுத்திருக்கும் கொக்கிகள் மூட்டைக்கு, 600 கிலோ பெட்டிக்கு இல்லை. பாடி தகடு மெல்லிசு, ஆறு மாதத்தில் போல்ட் சுற்றிக் கிழியும். சேசிஸிலிருந்து தாங்கி எடுத்து நாலு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்குகிற கொக்கி) போட்டு இழுங்கள், ஆனால் சேசிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது, இருக்கிற ஓட்டையில் போல்ட் போட்டுப் பிடிக்கிற மாதிரி தாங்கி செய்யச் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில் கனமான ரப்பர் பாய் வேண்டும், பழைய கன்வேயர் பெல்ட் துண்டு போதும், வழுக்காது. பிளாஸ்டிக் லைனர் இருந்தால் கழற்றிவிடுங்கள், அதன்மேல் பெட்டி சறுக்கும், எடையும் மிச்சம். முதல் பத்துக் கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி முறுக்குங்கள், கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங் வேலை செய்திருந்தால் யு போல்ட்டையும் ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குகிற ஸ்பேனர்) வைத்து முறுக்கணும். சிலிண்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று, சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். சிலிண்டர் அறைக்குத் தரை மட்டத்தில் வெளிப்பக்கம் திறந்த ஓட்டை இல்லாமல் அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

சட்டத்தில் உறுதியாகத் தெரிந்ததும் இருக்கிறது, அலுவலருக்கு அலுவலர் மாறுவதும் இருக்கிறது. உறுதியானது: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆர்.சி. எடையைத் தாண்டினால் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பாடிக்கு வெளியே பக்கவாட்டில், பின்னால், உயரத்தில் வரம்பு மீறி நீட்டினாலும் அதே 20,000. மாறுவது: கழற்றி இறக்கக்கூடிய பெட்டி வெறும் லோடா, இல்லை வண்டியை மாற்றியதாகுமா என்பது. லோடு என்று விட்ட இன்ஸ்பெக்டரையும் பார்த்திருக்கிறேன், நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். பெட்டியைப் போல்ட் போட்டு நிரந்தரமாக்கினால் அந்தச் சந்தேகமே இல்லை, அது மாற்றம்தான். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெட்டியின் படம், அளவு, எடையோடு எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். டீக்கடையில் யாரோ "ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றது விபத்தானபின் உதவாது.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. நேராக ஏலகிரிக்குப் போகாதீர்கள். முதலில் ஆற்காடு வரை போய் வாருங்கள், நெடுஞ்சாலையில் பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது காற்று பெட்டியை எப்படித் தள்ளுகிறது என்று ஸ்டீயரிங்கில் தெரியும். வந்ததும் நாலு சக்கரத்து ரிம்மையும் புறங்கையால் கிட்டே வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகச் சூடு என்றால் பிரேக்கோ பேரிங்கோ பேசுகிறது. பெட்டி ஏற்றிய நிலையில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழுகிற மாதிரி கீழே இறக்கி வையுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனதாக இருந்தால் மாற்றிவிடுங்கள், அது ஈரத்தை இழுக்கும், ஈரம் சூட்டில் ஆவியாகும், மிதித்தால் பெடல் பஞ்சாகும். அதற்கப்புறம் ஏலகிரி. அங்கே பதினாலு வளைவு, ஏறுவது பிரச்சினையே இல்லை, இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், காலை அதன்மேலேயே வைத்திருக்காதீர்கள். லடாக் பேச்சை அதற்குப் பிறகு பேசலாம்.

பெட்டி இன்னும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. இந்த வாரமே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, டீசல் நிரப்பி, ஒரு எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டி ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் ஒரு சீட்டு. முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடைக்குப் பத்து இருபது கிலோ முன்னே பின்னே வரும், லாரி எடை மேடையில் அது சகஜம். மூன்று எண்ணையும், கையேட்டில் இருக்கிற மொத்த வரம்பையும், பின் அச்சு வரம்பையும் இங்கே போடுங்கள். பெட்டி எத்தனை கிலோவுக்குள் நிற்கணும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், செய்கிறவரிடம் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு மீதி அட்வான்ஸைக் கொடுங்கள்.